பிறை அடைப்பு

ஸ்ரான்லி வீதியில், டயர்க்கடைக்கு மேலே
பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை.
றொமில்டன், நான், ஒரு ஸ்கானர்,
கறண்ட் போனால் மூன்று நிமிடம் கத்துகிற யூபிஎஸ்.
அந்த மூன்று நிமிடத்துக்குள்
செத்தவரைச் சேமித்துவிட வேண்டும்.

எங்களைத் தேடி வந்ததெல்லாம் சாவுதான்.
மரண அறிவித்தல், முப்பத்தொராம் நாள் கல்வெட்டு,
திவசத்துக்கு லாமினேற் பண்ணிய படம்.
அடையாள அட்டையிலிருந்து முகத்தை உரித்தெடுத்து
ஆஸ்பத்திரிச் சட்டையை மறைத்துக்
கோட்டுப் போட்டுவிடுவேன்.
இருந்தது ஒரே கோட்டு.
நாவற்குழித் தபாலதிபரும் குருநகர்ச் சம்மாட்டியும்
கைதடித் தவறணைக் கணக்கப்பிள்ளையும்
அதைப் போட்டுக்கொண்டுதான் மேலே போனார்கள்.

வெளி விட்டால் சண்டை.
"உதிலை ஏன் பிள்ளை சும்மா கிடக்கு?
காசு குடுத்த இடமெல்லே,
ஒரு குத்துவிளக்கைப் போடும்."
போட்டேன்.

பெயர்ப்பட்டியலில்தான் கண் பூத்துப்போகும்.
மருமக்கள், பெறாமக்கள், சகலன், சம்பந்தி,
பெயருக்குப் பின்னால் ஒரு பிறை திறந்து
ஒரு பிறை மூடும்:
இரத்தினசோதி (கனடா)
பவளராணி (டென்மார்க்)
சின்னவன் என்கிற குலவீரசிங்கம் (சுவிஸ்).
ஊரில் நின்றவர்களுக்கு அடைப்பில்லை.
யாரையேனும் தவறவிட்டால்
இரவு ஒரு மணிக்குத் தொலைபேசி அடிக்கும்.

அப்படி அடித்த ஒரு நாள்
பவளராணியின் மகன், ஓகூசிலிருந்து:
"பெரியம்மான்ரை நோட்டீசிலை
என்ரை பேரைப் பிழையா அடிச்சுப்போட்டியள்."
அரை மணித்தியாலம் பேசித் தீர்த்தான்.
பிறகு குரலைத் தணித்து,
"பேக்கரி ஒண்டு திறக்கிறன்.
பாண் பைக்கு ஏதும் கீறித் தருவியளோ?"

அன்றிரவு றொமில்டன்
பழைய அறிவித்தல்கள் எல்லாவற்றையும் திறந்தான்.
பிறைக்குள் கிடந்ததையும் அதற்கு முன்னிருந்த பெயரையும்
ஒரு கொப்பியில் எழுதினான்.
முந்நூற்றுப் பதினொரு பேர். பதினான்கு நாடு.
"யசோ, எங்களிட்டை ஒரு உலகப்படம் கிடக்கு"
என்றான்.
அது செத்தவீட்டுச் சனம் என்றேன்.
கேட்டதாகத் தெரியவில்லை.

பிறகு நடந்ததை மேடைகளில் அவன் அழகாகச் சொல்வான்.
நான் சொன்னால் இப்படித்தான் வரும்:
பாண் பை. ஸ்காபரோவில் ஒரு பல் வைத்தியர்.
நோர்வே மீன் கொம்பனியின் தகரத்துக்கு
குருநகர்ப் பெட்டை ஒருத்தி கீறிய செதில்;
அவளுடைய தகப்பன் அதைப் பார்த்து
வால் பிழை என்றது.
வங்கியில் அடைவு வைத்த என் காப்பு.
எட்டு மாதம் காசு தராமல் ஒளித்த சுவிஸ்காரன்,
அவனும் பிறைக்குள் இருந்தவன்தான்.
ஜெனரேற்றர். லீசிங். இன்னொரு ஜெனரேற்றர்.
றொமில்டனின் விசா.

இப்போது ரொறொன்ரோ, ஒஸ்லோ, சிங்கப்பூர்,
நான் போகாத இன்னும் நாலு நகரம்.
எங்கள் சின்னம் இரண்டு பிறை,
நடுவில் ஒன்றுமில்லை.
போன வருடம் ஒரு வங்கிக்கு
பக்கம் முழுக்க வெறும் வெள்ளை விட்டு
மூலையில் ஒரு சொல் வைத்துக் கொடுத்தோம்.
அந்த வெள்ளைக்குத் தந்த காசில்
டயர்க்கடையை டயரோடு வாங்கலாம்.
குத்துவிளக்கு யாரும் கேட்கவில்லை.

போன கிழமை ரொறொன்ரோவிலிருந்து
பணியாளர் பட்டியல் வந்தது,
மெல்லிய எழுத்தில், தாராளமாக வெளி விட்டு.
மேலே றொமில்டன். அடைப்பில்லை.
ஏழாவது வரியில்
யசோதினி (யாழ்ப்பாணம்).

கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு ஒரு வரி எழுதி அனுப்பினேன்:
பிறைக்கும் 'யா'வுக்கும் நடுவில்
இடைவெளி மயிரிழை கூட. குறைக்கவும்.

அனுப்பி நிமிரப் படியேறி ஒருவர் வந்தார்.
சாரத்தில் மழை, கையில் ஒரு அடையாள அட்டை.
"பின்னேரத்துக்குள்ளை வேணும்."
நாங்கள் இப்போது இதுகள் செய்வதில்லை என்று
வரவேற்பில் இருந்த பொடியன்
மரியாதையாகச் சொல்லத் தொடங்கினான்.

அலுமாரியின் கீழ்த்தட்டில்
பழைய ஹாட் டிஸ்கைத் தேடி எடுத்தேன்.
கோட்டு அங்கேதான் கிடந்தது.
இவருடைய ஆளுக்குத் தோள் கொஞ்சம் ஒடுக்கம்.